விசில் புராணம்

அவையடக்கம்

பெரிய கிளப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன முதல் அம்பயர் நம்ம நக்கீரர்தான். எதிரே நிற்பவர் சிவபெருமான். ஆட்டம் நடப்பது அவருடைய சொந்த ஊரான மதுரையில். பொற்கிழி கண்ணெதிரே தொங்குகிறது. பாட்டில் குற்றம் இருக்கிறது என்று நக்கீரர் விசில் ஊதிவிட்டார். பெரியவர் உடனே நெற்றிக் கண்ணைத் திறந்து மறுபரிசீலனை கேட்டார். அம்பயர் போய்ப் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார்.

அன்றிலிருந்து எந்த அம்பயரும் பெரிய இடத்தோடு வம்பு வைத்துக்கொள்வதில்லை என்பது சின்ன கிளப் ரசிகர்களின் நம்பிக்கை. உலகம் முழுக்க இருக்கிற இந்த நம்பிக்கைக்கு ஆஸ்திரேலியாவில் கோயில் கட்டிக் கொடிமரம் நட்டு வாராவாரம் உற்சவம் எடுக்கிறார்கள். அந்தக் கோயிலின் தலபுராணத்தை அடியேன் சிறிதளவு சொல்லத் துணிந்தேன்.

நான் குடியிருப்பது சிட்னியின் மேற்கே பெண்டில் ஹில். கொத்துரொட்டியும் இடியப்பமும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் ஊர். பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். குடிவந்த முதல் வாரமே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீ எந்த அணி, மேட்?" என்றார். கிரிக்கெட்தான் பார்ப்பேன் என்றேன். ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார். பிறகு வேலியில் கையை ஊன்றி 1963ஆம் வருஷத்து ஆட்டம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடித்தபோது என் அடுப்பில் சாம்பார் வற்றியிருந்தது. புதிதாக வந்தவனுக்கு முதலில் ஆபரா ஹவுஸைக் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குக் காட்டியது ஒரு ரெஃப்ரி செய்த துரோகத்தை.

கதைக்குள் போகுமுன் ஒரு சமயக் குறிப்பு. இந்த நாட்டில் 'ஃபூட்டி' என்ற சொல்லுக்கு வடகலை, தென்கலை உண்டு. தெற்கே மெல்பர்னில் ஃபூட்டி என்றால் முட்டை வடிவப் பந்து, அணிக்குப் பதினெட்டுப் பேர், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. ஓரத்தில் போனால் ஆறுதல் பரிசாக ஒரு புள்ளி. வடக்கே சிட்னியில் ஃபூட்டி என்றால் ரக்பி லீக். பந்து அதே முட்டைதான், ஆனால் பதின்மூன்று பேர். தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஓடுகிறவனைத் தரையில் சாய்ப்பதும்தான் ஆட்டம். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது 'ட்ரை'. உலகமெல்லாம் கால்பந்து என்று கும்பிடுகிற உருண்டைப் பந்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர், அது புறச்சமயம். மூன்று கூட்டமும் ஒன்று வீட்டில் ஒன்று கை நனைக்காது. மூன்றுக்கும் பொதுவாக ஓர் அசுரன் மட்டும் உண்டு. அவன் வாயில் விசில் இருக்கும்.

தோற்றப் படலம்

1858ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரரின் கடிதம் ஒன்று மெல்பர்ன் பத்திரிகையில் வந்தது. குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா உட்கார்ந்து உடம்பைப் பெருக்காமலிருக்க ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கலாமே என்பது அதன் சாரம். இன்று ஒரு நகரமே பைத்தியம் பிடித்து அலைகிற ஆட்டம், தொந்தி கரைக்கும் யோசனையாகத்தான் பிறந்தது.

ஆகஸ்ட் 7ஆம் தேதி ஸ்காட்ச் காலேஜ் பையன்களும் மெல்பர்ன் கிராமர் பையன்களும் மோதினார்கள். பக்கத்துக்கு நாற்பது பேர். ஒரு கோலுக்கும் மறு கோலுக்கும் நடுவே ஏறக்குறைய அரை மைல். கோல் போடப் போகிறவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரே நாளில் முடியாமல் அடுத்த சனிக்கிழமைகளுக்கும் ஆட்டம் நீண்டது. கடைசியில் ஆளுக்கொரு கோலோடு சமமாக முடிந்தது.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு அம்பயர்கள். ஒருவர் கடிதம் எழுதிய அதே வில்ஸ். இன்னொருவர் ஜான் மெக்காடம், ஸ்காட்ச் காலேஜில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். ஆடுகிற அணியின் வாத்தியாரே அம்பயர்! விதை அன்றைக்கே விழுந்துவிட்டது. மெக்காடம் பின்னாளில் விக்டோரியாவின் தபால்துறை அமைச்சர் ஆனார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது அதனால் இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறோமே, அந்த மெக்கடேமியா கொட்டைக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். உலகத்தில் உடைப்பதற்கு மிகக் கஷ்டமான ஓடுகளில் ஒன்று அது. அம்பயரின் மண்டைக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் என்று ரசிகர்கள் சொல்வார்கள்.

மறு ஆண்டு மே 17ஆம் தேதி, வில்ஸும் மெல்பர்ன் கிளப்பின் இன்னும் சிலரும் ஒரு மதுக்கடை ஹோட்டலில் உட்கார்ந்து பத்து விதிகள் எழுதினார்கள். எழுதியவர்களே ஆடினார்கள், தகராறு வந்தால் கேப்டன்களே தீர்த்துக்கொண்டார்கள். எங்கள் தெரு கிரிக்கெட்டில் பேட் யாருடையதோ அவன் அவுட் ஆவதில்லை. மூன்று ஸ்டம்பும் பறந்தாலும் 'ட்ரையல் பால்' என்பான். பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவானோ என்ற பயத்தில் நாமும் தலையாட்டுவோம். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பதை விக்டோரியாவில் பத்து விதியாகப் பிரித்து அச்சடித்தார்கள், அவ்வளவுதான்.

கில்டா படலம்

1897இல் எட்டு கிளப்புகளோடு விக்டோரியன் ஃபுட்பால் லீக் ஆட்டத்தைத் தொடங்கியது. அதில் செயின்ட் கில்டாவும் ஒன்று. கில்டா என்று ஒரு புனிதர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தப் பக்கம் நங்கூரம் போட்டிருந்த ஒரு பாய்மரக் கப்பலின் பெயர் ஊருக்கு வந்தது, ஊரின் பெயர் கிளப்புக்கு வந்தது. முறையிட ஒரு சாமி கூட இல்லாமல் பிறந்த கிளப். முதல் 48 ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றது. மூன்று முழுப் பருவம், ஒரு வெற்றி கிடையாது. கஜினி முகமதுவைப் பாடப் புத்தகத்தில் போட்டவர்கள் இவர்களைப் பற்றிக் கேள்விப்படவில்லை போலும்.

1900இல் முதல் ஆட்டம், எதிரே மெல்பர்ன். சமமாக முடிந்தது. தோல்வி இல்லை என்றதுமே பிரசாதம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கில்டாக்காரர்கள் மனு எழுதினார்கள்: மூன்றாம் கால் பகுதி முடிந்து மணி அடித்த பிறகு மெல்பர்ன் எடுத்த ஒரு புள்ளியைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், அதைக் கழிக்க வேண்டும். லீக் விசாரித்தது, கழித்தது. செயின்ட் கில்டாவுக்கு ஒரு புள்ளி வித்தியாசத்தில் முதல் வெற்றி. மைதானத்தில் 48 தடவை கிடைக்காதது காகிதத்தில் கிடைத்தது.

நாட்டாமை தீர்ப்பை மாற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு எத்தனையோ மனு, எத்தனையோ கண்ணீர். நூறு வருஷத்துக்கு மேல் எந்த முடிவும் மாறவில்லை. அடுத்ததாக மாறியது 2006 ஏப்ரல் 30ஆம் தேதி, தாஸ்மேனியாவின் லான்செஸ்டனில். ஃப்ரீமேன்டில் ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது ஆட்டம் முடிந்த சைரன் ஒலித்தது. அம்பயர் காதில் விழவில்லை. ஆட்டம் ஓடியது, எதிரணி ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்தது. ஃப்ரீமேன்டில் கோச் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்தார். மூன்று நாள் கழித்து, அந்தப் பழைய லீக்கின் இன்றைய வடிவமான ஏ.எஃப்.எல்.லின் கமிஷன் கூடி, சைரனுக்குப் பிறகு எடுத்த புள்ளி செல்லாது, ஃப்ரீமேன்டிலுக்கே வெற்றி என்றது.

அந்த எதிரணி யார்? செயின்ட் கில்டாவேதான். 1900இல் மணிக்குப் பிறகு வந்த ஒரு புள்ளியைக் கழித்து வாங்கியதை, 2006இல் சைரனுக்குப் பிறகு வந்த ஒரு புள்ளியாகத் திருப்பிக் கட்டினார்கள். 106 வருஷம் கழித்து வந்த தண்டல்காரன் அசலை மட்டும் வாங்கிக்கொண்டு போனான் என்றால் நம்ப முடிகிறதா? வட்டிக்கு 2009இல் வந்தான். ஜீலாங்குக்கு எதிரான கிராண்ட் ஃபைனலில் டாம் ஹாக்கின்ஸ் உதைத்த பந்து கம்பத்தில் உரசிப் போனது. கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளிதான். கோல் அம்பயர் ஆறு கொடுத்தார். கடைசியில் கில்டா 12 புள்ளியில் தோற்றது. ஐந்து புள்ளி கூடுதலாகப் போனதற்கும் பன்னிரண்டில் தோற்றதற்கும் கணக்கு ஒத்து வரவில்லையே என்று ஒரு கில்டா ரசிகரிடம் கேட்டுப் பாருங்கள். மனம் உடைந்ததை எந்த வாய்ப்பாட்டில் சேர்ப்பாய் என்பார். அந்தக் கிளப்பிடம் இன்றுவரை இருக்கிற ஒரே கோப்பை 1966இல் வந்தது. அதுவும் ஒரு புள்ளியில்.

சேற்றுப் படலம்

இப்போது வேலியோரத்துக் கதை. 1963 ஆகஸ்ட், சிட்னி கிரிக்கெட் மைதானம், ரக்பி லீக் கிராண்ட் ஃபைனல். ஒரு பக்கம் செயின்ட் ஜார்ஜ். 1956இலிருந்து வரிசையாக ஏழு கோப்பை வாங்கியிருந்த அணி. 1966 வரை மொத்தம் பதினொன்று வாங்கப் போகிற அணி. மறுபக்கம் வெஸ்டர்ன் சபர்ப்ஸ். 1961இல் அதே செயின்ட் ஜார்ஜிடம் தோற்று, 1962இலும் தோற்று, மூன்றாம் முறையாகக் குளித்து முழுகி விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மைதானம் மைதானமாக இல்லை. நாற்று நடத் தயாரான வயலாக இருந்தது. இருபத்தாறு பேரும் சேற்றில் புரண்டு எழுந்ததும் யார் எந்தச் சட்டை என்று பெற்ற தாய்க்கே தெரியாத நிலை. நடுவே ரெஃப்ரி டார்சி லாலர்.

ஆட்டத்துக்கு முன்பே வெஸ்ட்ஸ் அறைக்குள் ஒரு பேச்சு நுழைந்துவிட்டது. ரெஃப்ரி செயின்ட் ஜார்ஜ் மேல் பந்தயம் கட்டியிருக்கிறார் என்று ஜாக் கிப்சன் சொன்னதாக அந்த அணியினர் பின்னாளில் சொன்னார்கள். கிப்சன் வெஸ்ட்ஸின் முன்கள ஆட்டக்காரர். பிற்காலத்தில் பெரிய கோச். சூதாட்ட வட்டாரங்களில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும் என்று பெயர். பந்தயம் கட்டியது நிரூபணமாகவே இல்லை. ஆனால் புராணத்துக்கு நிரூபணம் எதற்கு? திருவிளையாடல் அறுபத்து நான்குக்கும் யாராவது ரசீது கேட்டார்களா?

ஆட்டத்தைத் தீர்த்தது செயின்ட் ஜார்ஜின் ஜானி கிங் போட்ட ட்ரை. அவரைப் பிடித்துச் சாய்த்துவிட்டோம், முடிந்தது என்று வெஸ்ட்ஸ்காரர்கள் நின்றுவிட்டார்கள். விசில் வரவில்லை. கிங் சேற்றிலிருந்து எழுந்தார். யாரும் தடுக்கவில்லை. ஓடிப் போய்ப் பந்தை வைத்தார். சாய்ந்தவன் எழுந்து ஓடினால் செல்லாது என்று இவர்கள் கத்த, செல்லும் என்று லாலர் கை காட்ட, எட்டுக்கு மூன்று என்று செயின்ட் ஜார்ஜ் வென்றது.

என் பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன், அப்பா தோளில் கை வைத்து நின்று பார்த்தாராம். கிங் விழுந்த இடம், எழுந்த விதம், லாலரின் கை எந்தக் கோணத்தில் இருந்தது எல்லாவற்றையும் என் புல்வெட்டி இயந்திரத்தை ஜானி கிங்காக வைத்து நடித்துக் காட்டினார். தன் கல்யாண நாளைக் கேட்டால் மட்டும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் சந்தித்தார்கள். செயின்ட் ஜார்ஜின் நார்ம் புரோவன் பனைமரம். வெஸ்ட்ஸின் ஆர்தர் சம்மன்ஸ் அவர் மார்பு உயரம். இருவரும் தலை முதல் கால் வரை சேறு. தோளோடு தோள் அணைத்துக்கொண்டு, பெரியவர் குனிய, சின்னவர் அண்ணாந்து பார்க்க, ஜான் ஓகிரேடி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் 'கிளிக்' செய்தார். விளையாட்டுப் பெருந்தன்மைக்கு இதைவிட நல்ல படம் உண்டா என்று நாடே உருகியது. அந்த நேரத்தில் இருவரும் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பலசுருதியில் சொல்கிறேன். அதுவரை பொறுக்க வேண்டும்.

ஏழாம் டேக்கிள் படலம்

செயின்ட் ஜார்ஜிடமிருந்து யாராலும் பந்தைப் பிடுங்க முடியவில்லை என்ற புலம்பல் ஏறிக்கொண்டே போனது. 1967இல் விதியை மாற்றினார்கள்: நாலு தடவை சாய்த்தால் பந்து கை மாற வேண்டும். அந்த வருஷமே செயின்ட் ஜார்ஜின் ஓட்டம் நின்றது. பிறகு நாலு ஆறாகியது. ஆறு வரை எண்ணத் தெரிந்தால் ரெஃப்ரி ஆகலாம் என்றார்கள். 1978இல் அந்தத் தகுதிக்கும் சோதனை வந்தது.

அரையிறுதி மறு ஆட்டம். மேன்லிக்கும் பரமட்டாவுக்கும். ரெஃப்ரி கிரெக் ஹார்ட்லி; ரசிகர்கள் வைத்த பெயர் 'ஹாலிவுட்' ஹார்ட்லி. மேன்லி ஆறு தடவை சாய்ந்தது. பந்து கை மாற வேண்டும். மாறவில்லை. ஏழாவது டேக்கிளில் ட்ரை போட்டு 17க்கு 11 என்று ஜெயித்தது. மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், வானொலி கேட்டவர்கள், சிப்ஸ் விற்றவர்கள் எல்லோரும் ஏழு எண்ணினார்கள். விசில் வைத்திருந்தவர் ஆறோடு நின்றார்.

மேன்லி கடற்கரை ஓரத்துப் பணக்கார ஊர். மேற்கே இருந்தவை ஃபைப்ரோ வீடுகள்: நம்மூர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரியுமே, அதையே சுவராகவும் வைத்துக் கட்டியவை. வெஸ்ட்ஸின் கோச் ராய் மாஸ்டர்ஸ் அந்த வருஷம் தன் பையன்களுக்கு ஒரு மந்திரம் ஓதியிருந்தார்: நாம் ஃபைப்ரோ, அவர்கள் வெள்ளிவால்காரர்கள். குடிசைக்கும் மாடிக்கும் சண்டை என்று எம்.ஜி.ஆர். படம் பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரே வித்தியாசம், எம்.ஜி.ஆர். படத்தில் குடிசை ஜெயிக்கும். பரமட்டாவை முடித்த மேன்லி அடுத்து வெஸ்ட்ஸை 14க்கு 7 என்று வென்றது. ரெஃப்ரி அதே ஹார்ட்லி. வெஸ்ட்ஸ் போட்ட ட்ரைகள் செல்லாமல் போன கதை தனியே ஒரு காண்டம். மேன்லி கோப்பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

திருமணப் படலம்

இந்த நகரத்தில் இன்னொரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு: பால்மெயின். 1909 இறுதி ஆட்டத்தை வேறொரு பெரிய ஆட்டத்துக்கு முன் ஒப்புக்கு நடத்துவதாக அறிவித்தார்கள். இரண்டு அணியும் வராமலிருக்கலாம் என்று சவுத் சிட்னியோடு பேசி வைத்திருந்ததாகப் பால்மெயின் தரப்பு. பால்மெயின் வரவில்லை. சவுத் சிட்னி வந்தது. எதிரே ஆளில்லாத மைதானத்தில் பந்தை உதைத்து, தானே ஓடி எடுத்து, தானே ட்ரை போட்டது. ரெஃப்ரி கண்ணும் கருத்துமாக நின்று விசில் ஊதிக் கோப்பையைக் கொடுத்தார். எதிரணியே இல்லாத ஆட்டத்திலும் ரெஃப்ரியின் தவறால் தோற்க முடியும் என்று காட்டிய ஒரே கிளப் பால்மெயின்.

1909இல் ஏமாந்த பால்மெயினுக்கும் 1963இல் ஏமாந்த வெஸ்ட்ஸுக்கும் 1999இல் கல்யாணம் நடந்தது. பத்துப் பொருத்தமும் பார்க்கத் தேவையில்லை. புலம்பல் பொருத்தம் ஒன்றே போதும். பிறந்த குழந்தை வெஸ்ட்ஸ் டைகர்ஸ். 2005இல் ஒரு கோப்பை வாங்கியது. பிறகு இரண்டு பக்கத்துத் தாத்தாக்களின் ரத்தமும் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. 2022 ஜூலையில் டவுன்ஸ்வில்லில் 26க்கு 25 என்று முன்னிலையில் இருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு வினாடி. நேரம் முடிந்த பிறகு எதிரணி மறுபரிசீலனை கேட்டது, வீடியோ அறையில் இருந்தவர் பெனால்டி கொடுத்தார், 27க்கு 26. கொடுத்தது தப்பு என்று லீக்கே பிறகு ஒப்புக்கொண்டது. அந்த வருஷம் டைகர்ஸ் கடைசி இடம். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் கடைசி. அந்த இரண்டுக்கு ரெஃப்ரி காரணமில்லை என்று என் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற பழமொழியையும் மொழிபெயர்த்தேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்?" என்றார்.

யானை அழுத படலம்

இவ்வளவும் ஏழை வீட்டு ஒப்பாரி. பெரிய வீட்டில் சிரிப்பாக இருக்கும் என்று நினைத்துத்தான் மெல்பர்னில் காலிங்வுட் பக்கம் போனேன். லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் உள்ள கிளப். இவர்களுக்குத்தான் அம்பயர்கள் சாமரம் வீசுகிறார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள்.

போனால் அங்கேயும் இழவு வீடு. 1979 கிராண்ட் ஃபைனல், எதிரே கார்ல்டன். எல்லைக்கோட்டை நோக்கி உருண்ட பந்தை வேய்ன் ஹார்ம்ஸ் பாய்ந்து சறுக்கி உள்ளே தட்டினார். அது கோல் ஆனது. கார்ல்டன் ஐந்து புள்ளியில் வென்றது. ஹார்ம்ஸ் தட்டுவதற்கு முன்பே பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று காலிங்வுட்டில் பிறந்த குழந்தைகூடச் சொல்லும். எத்தனை யார்டு தாண்டியது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. வருஷம் ஏற ஏறத் தூரமும் ஏறுகிறது. இன்னும் கொஞ்ச நாளில் பந்து டிராம் ஏறிப் போய்விட்டது என்பார்கள். 1958க்கும் 1990க்கும் நடுவே எட்டு கிராண்ட் ஃபைனல்களில் தோற்றவர்கள். ஆகவே காலிங்வுட்டுக்கு எதிராக ஒரு பெரும் சதி இருக்கிறதாம்.

யாருக்காகத்தான் அந்த அம்பயர் விசில் ஊதினார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவரால் லாபம் அடைந்ததாக ஒப்புக்கொண்ட ஒரு ரசிகரையும் இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை.

ஞானக்கண் படலம்

மனிதக் கண்தான் குறை என்று முடிவுகட்டி இயந்திரத்தைக் கூப்பிட்டார்கள். சாக்கர்காரர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். வீடியோ ரெஃப்ரியை ஒரு நாட்டின் முதல்நிலை சாக்கர் லீக்கில் முதன்முதலாகக் கொண்டுவந்த பெருமை 2017 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் ஏ-லீக்குக்கு. மறு வருஷம் மே 5ஆம் தேதி கிராண்ட் ஃபைனல். முந்தைய பருவம் கடைசி இடத்தில் கிடந்து எழுந்து வந்த நியூகாசில் ஜெட்ஸ் ஒரு பக்கம். பண பலமும் படை பலமும் உள்ள மெல்பர்ன் விக்டரி மறுபக்கம். ஒன்பதாவது நிமிஷத்தில் விக்டரியின் கோஸ்டா பார்பருசஸ் கோல் போட்டார். அதற்கு முந்தைய உதையில் விக்டரி ஆட்கள் தெளிவாக ஆஃப்சைடில் நின்றதை வீட்டில் டிவி பார்த்த பாட்டிகள் கண்டுபிடித்தார்கள். வீடியோ ரெஃப்ரி மட்டும் பார்க்கவில்லை. ஏன்? சரியாக அந்த நேரத்தில் அவருடைய திரைக்குப் படம் வரவில்லை. தொழில்நுட்பக் கோளாறு. தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தில் அந்தச் சில வினாடிகளுக்கு மட்டும் மின்வாரியம் போல வேலை செய்தது ஞானக்கண். ஆட்டம் ஒன்றுக்குச் சைபர். கோப்பை மெல்பர்னுக்கு.

மெல்பர்ன் ஃபூட்டி சமயத்தாரோ அதற்கும் முன்பே, 2012இலிருந்து கோலுக்கு வீடியோ பார்க்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அடிலெய்டும் சிட்னி ஸ்வான்ஸும் ஆடியபோது, கடைசி நிமிஷங்களில் பென் கீஸ் உதைத்தது கம்பத்தில் பட்டது என்று கோல் அம்பயர் ஒரு புள்ளி கொடுத்தார். வீடியோ கேட்கவில்லை. பந்து கம்பத்தைத் தொடவே இல்லை. அடிலெய்டு ஒரு புள்ளியில் தோற்று அடுத்த சுற்றையும் இழந்தது. மறுநாள் ஏ.எஃப்.எல். தலைமை அதிகாரி கில்லன் மெக்லாக்லன், அது கோல்தான், எங்கள் தவறு என்றார்.

தவறு என்று தெரிந்ததும் நம் பாண்டிய நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து விழுந்து அங்கேயே உயிரை விட்டான். இங்கே அறிக்கை விடுகிறார்கள். பாண்டியன் அறிக்கை விட்டிருந்தால் மதுரை தப்பித்திருக்குமா என்பது ஆராய்ச்சிக்குரியது. கண்ணகி நீதி கிடைக்காமல் ஊரை எரித்தாள். பரமட்டா ரசிகர்களோ 1981இல் முதன்முதலாகக் கோப்பை வென்ற சந்தோஷத்தில் கம்பர்லாந்து ஓவலுக்குப் போய்த் தங்கள் சொந்த மைதானத்தின் கேலரியையே கொளுத்தினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஏழாம் டேக்கிள் நடந்த அன்று இவர்கள் எப்படித்தான் சும்மா வீட்டுக்குப் போனார்களோ!

வசைப் படலம்

மெல்பர்ன் அம்பயர்கள் ஒரு காலத்தில் வெள்ளை உடுத்தினார்கள். ரசிகர்கள் வைத்த பெயர் 'வெள்ளைப் புழு'. அழுகினதில் நெளியுமே, அந்தப் புழு. பிறகு சட்டைக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் மாற்றிப் பார்த்தார்கள். வெள்ளை போனது, புழு போகவில்லை. ஒரே அம்பயரால் இவ்வளவு பேச்சைத் தாங்க முடியாது என்றுதானோ என்னவோ, 1976இல் இரண்டாக்கினார்கள், 1994இல் மூன்று, 2023இலிருந்து நான்கு. திட்டும் சரிசமமாகப் பங்கு பிரிந்தது.

2019இல் ஒரு கார்ல்டன் ரசிகர் அம்பயரைப் பார்த்து 'சொட்டைத்தலை வெத்துவேட்டு' என்கிற பொருளில் ஒன்று சொல்லப் போய், மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். உடனே நாடெங்கும் சொற்பொருள் ஆராய்ச்சி: சொட்டை என்பது வர்ணனையா, வசையா? 2022இல் ஆட்டக்காரர்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. தீர்ப்பைக் கேட்டு இரண்டு கையையும் விரித்தால் எதிர்ப்பு என்று கொண்டு ஐம்பது மீட்டர் தண்டனை. கையை விரிக்காமல் மணி என்ன என்றுகூடக் கேட்கத் தெரியாத நம் ஆட்கள் ஏன் இந்த ஆட்டத்துக்குப் போகவில்லை என்பதற்கு எனக்கு அன்று விடை கிடைத்தது.

சரி, அம்பயர்கள் உண்மையிலேயே பெரிய பக்கம் சாய்கிறார்களா? 2002இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று. நாற்பது ரெஃப்ரிகளுக்கு லிவர்பூல் தன் சொந்த மைதானத்தில் ஆடிய ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் லிவர்பூலுக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். லஞ்சமும் இல்லை, பந்தயமும் இல்லை, தொண்டைதான். பெரிய கிளப்புக்குத் தொண்டை அதிகம், அவ்வளவே. ஊர் முழுக்கச் சேர்ந்து கத்தினால் சின்ன கிளப்புக்கும் காற்று திரும்பும். 2016 கிராண்ட் ஃபைனலில் 1954க்குப் பிறகு கோப்பையே பார்க்காத வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு ஃப்ரீ கிக் இருபது, சிட்னி ஸ்வான்ஸுக்கு எட்டு. நாடே ஆனந்தக் கண்ணீர் விட்டது. அன்றைக்கு மட்டும் நீதி, தர்மம், ஃப்ரீ கிக் கணக்கு என்று பேசியவர்கள் சிட்னிக்காரர்கள்.

இந்த ஆய்வையும் வேலி வழியாக நீட்டினேன். பெரியவர் வாசித்தார். "லாலருக்குக் காது கேட்கும் என்கிறாயா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பலசுருதி

சேற்றுப் படத்தில் விட்ட கதைக்கு வருகிறேன். அந்தப் படம் நாளடைவில் பெருந்தன்மையின் அடையாளமாகிவிட்டது. 1982இல் அதைப் பார்த்து வெண்கலச் சிலை வார்த்து ரக்பி லீக்கின் கோப்பையாகவே ஆக்கினார்கள். 2013இல் அதற்குப் புரோவன்–சம்மன்ஸ் கோப்பை என்றே பெயரிட்டார்கள். நெட்டையரும் குட்டையரும் அணைத்து நிற்கிற அந்தச் சிலையைத்தான் ஆண்டுதோறும் வெல்கிற அணி முத்தமிட்டுத் தலைக்கு மேல் தூக்குகிறது.

சம்மன்ஸ் பிற்காலத்தில் உண்மையைச் சொன்னார். அன்று அவர் புரோவனைப் பாராட்டிக்கொண்டிருக்கவில்லை. செயின்ட் ஜார்ஜ்தான் எப்போதும் எல்லாப் புகழையும் அள்ளிக்கொண்டு போகிறது, ரெஃப்ரியின் அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் ஜெயித்திருப்பீர்களா என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். புரோவன் குனிந்தது அதைக் கேட்க. 2020இல் சம்மன்ஸும் மறு வருஷம் புரோவனும் போய்ச் சேர்ந்தார்கள். முறையீடு மட்டும் வெண்கலத்தில் நிற்கிறது.

இந்தப் புராணத்தைப் படித்தவர்க்கும் பக்கத்தில் இருந்து கேட்டவர்க்கும் உண்டாகும் பலன்: தோற்ற அணிக்குக் காரணம் கிடைக்கும், ஜெயித்த அணிக்கு ஞாபக மறதி கிடைக்கும், அம்பயருக்கு நல்ல சம்பளமும் வழுக்கையற்ற தலையும் சித்திக்கும்.

போன கிராண்ட் ஃபைனலைப் பெரியவர் வீட்டில்தான் பார்த்தேன். டைகர்ஸ் அந்தப் பக்கமே வரவில்லை. வேறு யாரோ இரண்டு அணி. வாணவேடிக்கைக்கு நடுவே கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள். என் பாத்திரத்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரையைக் காட்டினார்.

"பார், மேட். ஆர்தர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்."